முப்பத்தையாயிரம் இருக்கைகளில் ஒன்று

அத்தியாயம் ஆறு

அரங்கின் கிழக்கு ஸ்டாண்டு உச்சியிலிருந்த கண்ணாடி அறையில் அவளுக்கு மூன்று நாற்காலிகளைக் காட்டினார்கள். தனியார் துப்பறிவாளர் சுபாஜினி எதிலும் உட்காரவில்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்தால் அவளுக்கு மூளை நின்றுவிடும். கண்ணாடி ஓரமாகவே நடந்தாள். போய்த் திரும்பினாள். மறுபடி போனாள்.

கீழே தெமோதரை மலைச்சரிவைச் செதுக்கிக் கட்டிய புதிய தேசிய விளையாட்டரங்கு கிடந்தது. முப்பத்தையாயிரம் பேர் உட்காரலாம். ஞாயிற்றுக்கிழமை கால்பந்து லீக் மேட்சுக்கு வந்தது முன்னூறு பேர். அவர்களிலும் பெரும்பாலோர் பக்கத்து வெள்ளப்பாலம் தேயிலைத் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வரப்பட்ட கொழுந்து பறிக்கும் பெண்கள். ஸ்டாண்ட் காலியாகத் தெரிந்தால் மேட்சுகளைக் கொழும்புக்கே மாற்றிவிடுவதாக லீக் சபை சொல்லியிருந்தது. அதனால் தோட்ட நிர்வாகம் அவர்களுக்கு அரை நாள் சம்பளம் போட்டு, கைதட்ட அனுப்பியிருந்தது.

"கேஸ் முடிஞ்ச மாதிரிதான் மேடம்," என்றான் ரமேஸ். அரங்கின் நிகழ்ச்சி அதிகாரி. சாம்பல் நிறக் கோட்டு, டை, நேர்த்தியான வகிடு. "இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வெளியாள் ஒருத்தரோட அறிக்கை வேணும். அதுக்குத்தான் உங்கள கூப்பிட்டேன். நீங்க எழுதிக் குடுத்தா போதும்."

"எதை எழுதணும்?"

"நடந்ததை."

"நடந்தது என்னன்னு நீங்க சொல்லுங்க."

இசை நிகழ்ச்சிக் கம்பெனிகளின் கடிதங்கள் குவிந்திருந்த மேசையில் ரமேஸ் மடிக்கணினியைத் திருப்பினான். வெள்ளப்பாலம் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்த நேரம். ஆட்டம் முடியப்போகிறது. திடீரென்று மைதானத்துப் புல்லுக்கடியில் இருந்த தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் ஒன்றாகப் பீறிட்டன. ஓடிவந்த கொழும்பு ஆட்டக்காரன் ஒருவன் சறுக்கி விழுந்தான். கால் எலும்பு முறிந்தது. ஆட்டம் நிறுத்தப்பட்டது.

"பம்ப் அறைக்குப் போற படி கிழக்கு ஸ்டாண்ட்ல, அந்தத் தோட்டத்துப் பொம்பளைங்க உக்காந்த இடத்துக்குப் பக்கத்துல மட்டும்தான் இருக்கு. மத்த கேட்டெல்லாம் பூட்டு. அறைக்கு ரெண்டு சாவி. ஒண்ணு ஆபீஸ்ல. இன்னொண்ணு மைதானக்காரன் புவனேந்திரன்கிட்ட. அவன் அந்த நேரம் மைதானத்து ஓரக்கோட்டுக்குப் பக்கத்துல நிக்கிறான், கேமராவுல இருக்கு. ஆனா அவன் பொண்டாட்டி கருப்பம்மா ஸ்டாண்ட்ல."

அவன் இரண்டு படங்களைக் காட்டினான். மேட்சை நேரடியாக ஒளிபரப்பிய எதிர்க்கூரைக் கேமரா எடுத்தது. இலவசமாகக் கொடுத்த சிவப்பு ஜெர்ஸி, சிவப்புத் தொப்பி. எல்லாரும் சிவப்புப் புள்ளிகள். முதல் படத்தில் மூன்றாவது வரிசை முழுதாக இருந்தது. தண்ணீர் வந்த பிறகு எடுத்த படத்தில் அந்த வரிசையின் நடுவில் ஒரே ஒரு இருக்கை காலி.

"அது கருப்பம்மா சீட்டுன்னு அவங்க கங்காணியே போலீசுக்குச் சொல்லிட்டா. புருஷன் சாவியக் குடுத்திருக்கான், பொண்டாட்டி தெறந்திருக்கா. தோக்கிற மேட்ச நிப்பாட்ட. அவ எந்திரிச்சுப் போனதை நானே இங்கருந்து பாத்தேன். ரெண்டாவது படியில கால் வழுக்கி, கம்பியப் புடிச்சுக்கிட்டா. போலீஸ் வாக்குமூலத்துலயும் எழுதியிருக்கேன். சாயங்காலம் கைது பண்ண வர்றாங்க."

"கருப்பம்மா என்ன சொல்றா?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறா. நான் செய்யலங்கிறத தவிர."

"இங்க நீங்க தனியாவா இருந்தீங்க?"

"தனியாத்தான். கூட்டத்துல உக்காந்து பாக்கிற பழக்கம் எனக்கில்ல."

சுபாஜினி நடையை நிறுத்தாமலே கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

*

றினாஸ் கீழே, மூன்றாவது வரிசையில் அந்தக் காலி இருக்கையிலேயே கால் நீட்டி உட்கார்ந்து மீன் அடைத்த மாலுப்பாண் தின்றுகொண்டிருந்தான். பதுளை பஜாரில் முச்சக்கரவண்டி ஓட்டுபவன். சுபாஜினிக்கு வண்டியும் அவன்தான், உதவியாளும் அவன்தான். வாயை மூட ஒரு சாவி இருந்தால் அவள் அதையும் வாங்கியிருப்பாள்.

"மிஸ், முப்பத்தஞ்சாயிரம் சீட்டு இரிக்கி. நான் ஒவ்வொண்ணுலயும் ஒரு நிமிஷம் உக்காந்தாலும் நோன்பு வந்துரும்."

"எந்திரி. அது குற்றம் நடந்த இடம்."

"குற்றம் பம்ப் அறையிலதானே நடந்த. இது குற்றம் உக்காந்த இடம்."

சுபாஜினி அவன் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். மேட்ச் யூடியூப்பில் நேரடியாகப் போயிருந்தது. பார்த்தவர்கள் இருநூற்றுச் சொச்சம். ரமேஸ் காட்டியது இரண்டே படம். இவள் முழு ஆட்டத்தையும் ஓடவிட்டாள். கேமரா பந்தை விட்டுவிட்டு எப்போதாவது ஸ்டாண்ட் பக்கம் திரும்பியது.

முதல் பாதியில் ஒரு தூறல். காற்றோடு சாய்ந்து வந்து முன்வரிசைகளை நனைத்தது. கேமரா இந்தப் பக்கம் திரும்பியபோது, வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் இடுப்பிலிருந்து பொலித்தீன் படங்கை உருவி ஒரே வீச்சில் தலைமேல் போட்டுக்கொண்டார்கள். மலையில் மழை வரும்போது செய்வது போல. யாருக்கும் கண் பந்தை விட்டு அகலவில்லை. நடுவில் இருந்த ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு குனிந்தது.

"இத பாரு."

"நனையிறா, பாவம்."

"கொழுந்து பறிக்கிறவ படங்கு இல்லாம வீட்ட விட்டு வெளிய வருவாளா? நீ ஹெல்மெட் இல்லாம பைக்குல போவியா?"

"போவேன். ஆனா பொலிஸ கண்டா போடுவேன்." றினாஸ் போனை மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தான். "மிஸ். இது கருப்பம்மா இல்ல."

"தோட்டத்து ஆளே இல்ல."

அவள் அந்த இருக்கையில் போய் நின்றாள். பக்கத்திலிருந்த படியைப் பார்த்தாள். பிறகு கழுத்தை மேலே திருப்பி, நெடுநேரம் பார்த்தாள். மேலடுக்கின் கான்கிரீட் விளிம்பு தலைக்கு மேல் நீண்டிருந்தது. அதற்கு மேல் வானம்.

"என்ன மிஸ், கொக்கு போகுதா?"

"வண்டிய எடு. மலைக்குப் போவோம்."

*

வெள்ளப்பாலம் தோட்டத்தில் அன்று பறிப்பு ஸ்டேடியத்துக்கு நேர் மேலே இருந்த மலையில். பனிமூட்டம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் ஆளுக்கொரு நிரையைப் பிடித்து மேல்நோக்கிப் பறித்துக்கொண்டே போனார்கள். பேச்சும் சிரிப்புமாக இருந்தது. முச்சக்கரவண்டியைக் கண்டதும் பேச்சு மட்டும் நின்றது. கைகள் நிற்கவில்லை.

கங்காணி பெரியாயி பாதையில் நின்றாள். ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான, குரலிலேயே வேலை வாங்குகிற பெண். அந்தத் தோட்டத்தில் கங்காணி வேலைக்கு வந்த முதல் பொம்பளை அவள்தான். அதற்கு அவள் பட்ட பாட்டை அந்த மலையில் எல்லாரும் அறிவார்கள்.

"வாங்க மிஸ். போலீசுக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். புதுசா ஒண்ணும் இல்ல."

"பழசையே கேக்கிறேன். ஸ்டேடியத்துல உங்க ஆளுங்க யாரு எங்க உக்காரணும்னு யாரு சொன்னது?"

"நான்தான். மொத மேட்சுக்குப் போனப்ப ஆளுக்கொரு மூலையில போயி குந்திக்கிட்டாளுங்க. அம்மாம்பெரிய எடம். லாரிக்கு ஆளு சேக்கறதுக்குள்ள இருட்டிப் போச்சு. அதுக்குப் பெறகு மலையில எப்பிடி நிரை புடிப்பாளுகளோ அதே மாதிரி உக்கார வச்சிட்டேன். யாருக்குப் பக்கத்துல யாருன்னு எல்லாத்துக்கும் தெரியும். ஒரு ஆளு கொறஞ்சாலும் பாத்த ஒடனே தெரியும்."

இதற்குள் றினாஸ் படம் எடுப்பதற்காகச் செடிகளுக்குள் இறங்கியிருந்தான். நிரையில் ஆள் இல்லாத ஒரு இடைவெளி. அதற்குள் நுழைந்து நின்றான்.

"ஏய் தம்பி." நான்கைந்து குரல்கள் ஒரே நேரத்தில் பாய்ந்தன. "வெளிய வா. அது செல்லாயி நிரை. கொழுந்து நிறுக்கப் போயிருக்கா."

"நான் சும்மா நிக்கிறேன்தானே. பறிக்கல்லையே."

"ஆளு இல்லாத நிரையில என்னா நிப்பு? வா வெளிய."

இன்னொருத்தி சொன்னாள்: "பாக்க லட்சணமாத்தான் இருக்கான், நிரை மாறி நிக்கிறான் பாரு." மலை முழுக்கச் சிரிப்பு ஓடியது. றினாஸ் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

சுபாஜினி சிரிக்கவில்லை. அவள் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பறித்து முடித்த பகுதி தட்டையாக வெட்டியது போல இருந்தது. நடுவில் ஒரே ஒரு நிரை மட்டும் கொழுந்து கிளம்பி, வெளிர் பச்சையாக, யாரும் கை வைக்காமல் நீளமாகக் கிடந்தது.

"அது கருப்பம்மாவோடதா?"

"ம்." பெரியாயி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. "போலீஸ் வெளிய வரப்படாதுன்னு சொல்லிருக்கே. லயத்து வீட்டுல இருக்கா. நாங்க அவங்கவங்க நிரைய முடிச்சிட்டு, கடைசியா ஆளுக்குக் கொஞ்சமா அதையும் எடுத்துருவோம்."

"எடுத்து அவ பேர்ல போடுவீங்க."

பெரியாயி குனிந்து, பாதையில் விழுந்திருந்த ஒரு கொழுந்தை எடுத்தாள்.

"ஞாயித்துக்கெழமயும் அப்பிடித்தானே. அவ வரல்ல. அவ வந்ததா நீங்க பேரு போட்டீங்க. அரைப்பேரு, அந்த அரை நாள் சம்பளம், அவளுக்குப் போகட்டும்னு."

"வந்தா. நான் பாத்தேன்."

"பெரியாயிக்கா, நல்லா கேளுங்க. அவ வந்தான்னு நீங்க சொல்றீங்க. போலீஸ் அதை நம்பிருச்சு. வந்தவ எந்திரிச்சுப் போயிருக்கான்னு கேமரா சொல்லுது. அதையும் நம்பிருச்சு. அவள காப்பாத்தன்னு நீங்க சொன்ன பொய்யிதான் அவள உள்ள தள்ளப் போகுது. ஒருத்தன் கால் ஒடஞ்சு கெடக்கான். சும்மா எச்சரிச்சு விடுற கேஸ் இல்ல இது."

கைகள் நின்றன. மலையில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த சிறு ஒடிப்புச் சத்தங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இல்லாமல் போயின.

"உண்மையச் சொன்னா பொய்யிப் பேரு போட்டதுக்கு என் வேலை போயிரும்," என்றாள் பெரியாயி. வருத்தத்தோடு அல்ல. கணக்குச் சொல்வது போல.

"போகலாம்."

"போகலாம்னு நீங்க லேசாச் சொல்றீங்க."

"எனக்கு வேற மாதிரி சொல்லத் தெரியாது. கருப்பம்மா எடத்துல உக்காந்தது யாரு?"

நிரையிலிருந்து செல்லாயியின் பக்கத்து ஆள், ஒரு இளம்பெண், பொறுக்க முடியாமல் வாய் திறந்தாள். "ஒரு ஆம்பள மிஸ். நம்ம சிவப்புச் சட்டைதான் போட்டிருந்தாரு. ஆனா நம்மாளு இல்ல. வந்து பொத்துனு குந்திட்டாரு. அய்யா, அது ஆளு உள்ள நிரைன்னோம். திரும்பிக்கூட பாக்கல்ல. அவ்வளவு பெரிய ஸ்டேடியத்துல வேற எடமா இல்ல?"

"இல்ல," என்றாள் சுபாஜினி. "தனியா உக்காந்தா கேமராவுல தனியாத் தெரிவாரு. கூட்டத்துக்குள்ள உக்காரணும். படிக்கும் பக்கத்துல இருக்கணும். உங்க கூட்டத்துல ஒரே ஒரு எடம்தான் காலி. மொகம் ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? நிரை மாறிக் குந்துன மொகம்." பெண்கள் பலர் தலையாட்டினார்கள். "ஆனா யாருன்னு தெரியாது. எழும்பிப் போறப்ப ரெண்டாவது படியில வழுக்கி, கம்பியப் புடிச்சிக்கிட்டாரு. நல்லா வேணும்னு சிரிச்சோம்."

றினாஸ் மெதுவாகச் சுபாஜினியைத் திரும்பிப் பார்த்தான். அவள் ஏற்கனவே வண்டியை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

"பறிப்பு முடிஞ்சதும் எல்லாரும் ஸ்டேடியத்துக்கு வாங்க. அதே எடத்துல, அதே மாதிரி உக்காருங்க," என்றாள் திரும்பாமலே. "பேசறதும் பேசாததும் உங்க இஷ்டம் பெரியாயிக்கா."

*

சாயங்காலம் மூன்றாவது வரிசை நிரம்பியிருந்தது. நடுவில் ஒரு இருக்கை காலி. மற்ற எல்லா இருக்கைகளும் காலிதான் என்றாலும் கண் அந்த ஒன்றில்தான் போய் நின்றது.

கருப்பம்மா படியோரம் நின்றாள். இன்ஸ்பெக்டர், அவருக்குப் பக்கத்தில் ஒரு பெண் கான்ஸ்டபிள், தோட்டத்து உதவி மேலாளரான சின்னத்துரை. புவனேந்திரன் மைதானத்திலிருந்து ஏறி வந்து, மனைவிக்கு எட்டத்தில் நின்றான். அவன் கால்சட்டை முழங்கால் வரை சேறு. கெட்டுப்போன புல்லை இரண்டு நாளாக அவன்தான் மிதித்துச் சரிசெய்துகொண்டிருந்தான்.

ரமேஸிடமிருந்து போன் வந்தது. அறிக்கையோடு மேலே வரச் சொன்னான். சுபாஜினி, அந்த இருக்கையில் வைத்துத்தான் கையெழுத்து வாங்க வேண்டும், இன்சூரன்ஸ் விதி என்றாள்.

"அப்பிடி ஒரு விதி இரிக்கா?" என்றான் றினாஸ்.

"இல்ல."

ரமேஸ் வந்தான். கோட்டு, டை. அவன் மேல் வாசல் வழியாகக் காரில் வந்து மேல் வாசல் வழியாகவே போகிறவன். இந்தக் கூட்டத்தின் கண்ணில் அதிகாரியாக அவன் பட்டதே இல்லை.

சுபாஜினி அவனைப் பார்க்கவில்லை. பெண்களைப் பார்த்தாள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பேச்சு அணைந்துகொண்டே போனது. யாரும் விரல் நீட்டவில்லை. எல்லாரும் பெரியாயியைப் பார்த்தார்கள்.

பெரியாயி எழுந்தாள். அவள் ரமேஸிடம் பேசவில்லை. சின்னத்துரையிடம் பேசினாள்.

"தொரை, ஞாயித்துக்கெழம கருப்பம்மா வரல்ல. நான்தான் வந்ததா பேரு போட்டேன். அவ எடத்துல குந்துனது இந்த அய்யாதான்."

ரமேஸ் சிரித்தான். நன்றாகவே சிரித்தான். "இன்ஸ்பெக்டர், நேத்து வந்தான்னாங்க. இன்னிக்கு வரல்லங்கிறாங்க. நாளைக்கு நீங்கதான் உக்காந்திருந்தீங்கன்னு சொல்லுவாங்க."

இன்ஸ்பெக்டர் தாடையைச் சொறிந்தார். அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

"சரி," என்றாள் சுபாஜினி. "இவங்க பொய் சொல்றாங்கன்னே வச்சுக்குவோம். நீங்க சொன்னதையே எடுப்போம். எந்திரிச்சுப் போன ஆளு ரெண்டாவது படியில வழுக்கி, கம்பியப் புடிச்சதை மேலருந்து பாத்தீங்க. போலீசுக்கும் எழுதிக் குடுத்தீங்க."

"ஆமா."

"இன்ஸ்பெக்டர், அண்ணாந்து பாருங்க. கண்ணாடி அறை தெரியுதா?"

இன்ஸ்பெக்டர் அண்ணாந்தார். சின்னத்துரையும் அண்ணாந்தார். மேலடுக்கின் கான்கிரீட் விளிம்பு. அதற்கு மேல் வானம்.

"இங்கருந்து அது தெரியல்லன்னா அங்கருந்து இதுவும் தெரியாது. கேமராவுல பாத்தாருன்னு சொல்லவும் வழியில்ல. அந்த நேரம் கேமரா முழுக்கப் பந்து மேலதான். நான் கடைசி வரைக்கும் பாத்துட்டேன். அந்தப் படியில வழுக்கினது ரெண்டே தரப்புக்குத்தான் தெரியும். பக்கத்துல உக்காந்து சிரிச்சவங்களுக்கு. வழுக்கினவருக்கு."

ரமேஸ் டையைத் தளர்த்தினான்.

"முன்னூறு பேருக்காக எல்லா ஞாயித்துக்கெழமயும் இந்த எடத்த லீக்குக்கு விட வேண்டியிருக்கு," என்று அவள் தொடர்ந்தாள். "ஒப்பந்தம் அப்பிடி. லீக் தானாப் போனாத்தான் இசை நிகழ்ச்சிக்காரங்களுக்கு எடம். தானாப் போக வைக்க மைதானம் கெடணும். கெடுத்தது தோட்டத்துக்காரங்கன்னு ஆகணும். ஆபீஸ் சாவி உங்ககிட்ட. சிவப்புச் சட்டைங்களும் உங்ககிட்ட. எல்லாம் சரியாத்தான் செஞ்சீங்க."

"ஒருத்தன் கால ஒடைச்சுக்குவான்னு நான் நெனைக்கல," என்றான் ரமேஸ். சொல்லி முடித்த பிறகுதான் அவன் என்ன சொன்னான் என்பது அவனுக்கே விளங்கியது. இன்ஸ்பெக்டர் அவன் முழங்கையைப் பிடித்தார்.

"முப்பத்தஞ்சாயிரத்துல ஒண்ண தேடி எடுத்தாரு பாருங்க," என்றான் றினாஸ். "லொத்தர் டிக்கட் வாங்கியிருக்கலாம்."

சின்னத்துரை பெரியாயியிடம் வந்தார். குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு ஆபீசுக்கு வா."

"காலையில ஆளு கூப்பிடுற பெரட்டுக்கு முந்தியா, பொறகாங்க?"

"பெரட்டு எடுக்க வேற ஆளு பாத்துக்கிறேன்."

பெரியாயி தலையாட்டினாள். உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்தவள் அவள் மடியில் கை வைத்தாள். பெரியாயி அதை எடுத்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் போகிற போக்கில் திரும்பினார். "கருப்பம்மா. உன்னை விடறதுக்கும் ஒரு வரி எழுதணும். அன்னிக்கு எங்க இருந்தே?"

ஒன்றரை நாளாகப் போலீசுக்குச் சொல்லாததை அவள் இன்ஸ்பெக்டருக்கும் சொல்லவில்லை. புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

"பண்டாரவளைக்குப் போனேன். ஏஜென்சி மெடிக்கலுக்கு. குவைத்து வேலைக்கு."

புவனேந்திரன் சேறு காய்ந்த கைகளைக் கால்சட்டையில் துடைத்தான். துடைத்த கையை மறுபடி துடைத்தான்.

"ஜெயிலுக்குப் போனாலும் பரவாயில்லன்னு இதையா மறைச்சே?"

"சொன்னா நீ விட மாட்டே."

"விட்டிருக்க மாட்டேன்."

கீழே தெமோதரைப் பக்கம் பதுளை ரயில் ஊதிக்கொண்டு போனது. றினாஸ் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"மேட்ச அடுத்த ஞாயித்துக்கெழம திரும்ப வைக்கிறாங்களாம்," என்றான் புவனேந்திரன், மைதானத்தைப் பார்த்தபடி. "அதுக்காவது வருவியா?"

"வர்றேன்," என்றாள் கருப்பம்மா. "மறுநாள்தான் ஃபிளைட்டு."